பதில் கீழே

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. தினமும் காலையில் மடற்குழுவில் உன் பெயர் வந்துவிடுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று படிக்கத்தான் இப்போதெல்லாம் நேரமில்லை. பெயரைப் பார்த்ததும் 'சரி, வாத்தியார் எழுந்துவிட்டார்' என்று நினைத்துக்கொண்டு பல் துலக்கப் போய்விடுவேன். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்னும் நாள் முழுக்க நிற்கவைத்துத்தான் வேலை வாங்குகிறார்களா?

ஒரு செய்தி. உனக்குப் பிடிக்காது. அதனால் முதலில் உட்கார்ந்துகொள்.

எங்கள் 'மணிக்கூண்டு' மென்பொருளுக்கான மடற்குழுவை மூடப்போகிறோம். ஜூன் மாதக் கடைசியோடு சரி. இனிமேல் மணிக்கூண்டை வைத்துப் பள்ளிக்கு அட்டவணை போடுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால், ஊரில் இருக்கிற எல்லாருடைய மின்னஞ்சல் பெட்டிக்கும் மடல் அனுப்ப வேண்டாம். இணையத்தில் ஒரு ஃபோரம் திறக்கிறோம். அங்கே வந்து கேட்கலாம், பதிலும் அங்கேயே இருக்கும், அடுத்தவர் தேடினாலும் கிடைக்கும். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதை ஒழுங்காக முடித்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நிஜம்.

நீ குதிப்பாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். ஒரு பள்ளி எழுத்தர் தன் தலைமையாசிரியருக்கு எழுதிய லீவு லெட்டரை நம் குழு முழுவதற்கும் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? நீகூட 'லீவு அனுமதிக்கப்பட்டது' என்று பதில் போட்டாய். அந்த மாதிரிக் கூத்தெல்லாம் இனி இருக்காது.

நீ முதலில் வந்துவிட்டால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். இத்தனை வருடம் அவர்களுக்குப் பதில் சொன்னவன் நீ. திட்டியவனும் நீதான். "கேள்விய மேல விடுங்க, பதிலக் கீழ எழுதுங்க, மனுஷன் மேலேருந்து கீழதான் படிப்பான்" என்று எத்தனை பேரை விரட்டியிருப்பாய்!

புத்தாண்டுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் போட்டாய். இதற்காவது முழுக் கடிதம் வேண்டும்.

உன்
வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருக்கிறோம். உனக்கு அந்த இருமல் விட்டதா? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே.

உன் அண்ணன் எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுகிறேனே என்று நினைக்காதே. அவருக்குக் கை ஒழியவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். லீவு லெட்டர் கதைக்குச் சிரித்தார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. இப்போது கேள்விகள் தானாக நம் வீட்டுக்கு வருகின்றன. பெட்டியைத் திறந்தால் இருக்கின்றன. ஃபோரம் வந்துவிட்டால் நாம்தான் அங்கே போய்ப் பார்க்க வேண்டுமா? போகாவிட்டால் ஒன்றுமே வராதா? வந்ததெல்லாம் நம்மிடமே இருக்குமா, இல்லை அங்கேயே இருந்துவிடுமா? கடையில் கணக்கு எழுதுகிற பெண்ணிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா" என்றாள். ஒன்றுதான் என்றால் எதற்காக மாற்றுகிறீர்கள்?

வேளைக்குச் சாப்பிடு. மற்றவை பின்னால்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததில் சந்தோஷம். இருமல் போய்விட்டது, இப்போது இடுப்புதான் வலிக்கிறது. எங்கள் அலுவலகம் டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. படியேறியே பாதி உயிர் போகிறது.

ஆனால் அண்ணி, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் அண்ணனுக்கு எழுதினேன், நீங்கள் பதில் போடுகிறீர்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன் என்கிறீர்கள். எதற்காகப் படித்துக் காட்ட வேண்டும்? கண்ணாடிக் கடைக்காரி வீட்டிலேயே கண்ணாடி இல்லையா? மடற்குழுவை மூடுவதற்கு அண்ணன் என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டில் குழாய் உடைந்தாலே அரைமணி நேரம் பேசுகிறவன் அவன்.

போன் செய்தாலும் இதே கதைதான். எப்போது அடித்தாலும் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். "குளிக்கிறார்." அடுத்த வாரம் கேட்டாலும் குளிக்கிறார். ஒரு மனுஷன் இவ்வளவா குளிப்பான்? தோல் உரிந்துவிடாதா?

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. நேற்றுதான் சோதனைக்காகத் திறந்தோம். நீங்களே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்களேன். அண்ணனுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

அவனிடம் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 17

அன்புள்ள வாலுவுக்கு,

இடுப்புக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு. கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறாதே.

நீ சொன்னாயே என்று ஃபோரத்துக்குப் போனேன். போகும்போதே வாசலில் நிறுத்திவிட்டார்கள். நான் இயந்திரமா மனுஷியா என்று கேட்டு, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னது. விளக்கைத் தொட்டேன். அந்தக் கம்பமும் விளக்கில் சேர்த்தியா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை போலிருக்கிறது. நாலைந்து தடவை திருப்பி அனுப்பிவிட்டு, போனால் போகிறது என்று உள்ளே விட்டது.

பெயர் கேட்டது. 'வாத்தியார்' என்று போட்டேன். அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். 'வாத்தியார்1' வேண்டுமானால் தருகிறோம் என்றது. யார் அது, உன் அண்ணன் பெயரை எடுத்தவன்? சரி என்று போட்டால், பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் 'புதியவர்' என்று ஒட்டிவிட்டது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. அவரா புதியவர்?

உள்ளே ஒரு பள்ளிக்காரர், ஒரே ஆய்வகத்தில் இரண்டு வகுப்பு விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று ஒரு பூட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். உன் அண்ணனிடம் இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ஒவ்வொருவருக்கும் முதல் தடவை கேட்பதுபோலத்தான் பதில் எழுதுவார். கேலியை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வார்.

வாலு, ஒன்று கேட்கிறேன். இந்த மடற்குழுவை இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைக்க முடியாதா? ஃபோரம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் கடிதம் வருவது அவருக்குப் பழகிவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 5

அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஒரு வரிகூட எழுதாமல் கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே.

நேற்று அலுவலகத்தில் கூட்டம். மடற்குழுவை இன்னும் ஆறு மாதம் விட்டுவைக்கலாமா என்று அண்ணிக்காகத்தான் கேட்டேன். மேலாளர் சிரித்தார். கடந்த நாலு மாதத்தில் நீ எழுதிய பதில்களைத் திரையில் போட்டார். "இதுக்காகவா வச்சிக்கணும்?" என்றார்.

அப்போதுதான் முதல்முறையாக உள்ளே படித்தேன். அண்ணா, என்ன இது? எல்லாப் பதிலும் மேலே! கேள்வி அடியில் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்துக்காக ஒரு தலைமையாசிரியரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியவன் நீ. அவர் குழுவை விட்டே போனார், நீ அசையவில்லை.

அதுமட்டுமா? ஒருவருக்கு நீ எழுதியது, ஆறு வருடத்துக்கு முன்னால் வேறு ஒருவருக்கு எழுதிய அதே பதில். ஒரு எழுத்து மாறவில்லை. நீ அழுத்தச் சொன்ன பட்டனை நாங்கள் எடுத்தே வெகுகாலமாகிறது. அந்த மனிதர் "வாத்தியார் சொல்ற பட்டன் எங்க இருக்கு, நானும் காலையிலேருந்து தேடறேன்" என்று மூன்று மடல் போட்டிருக்கிறார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

குழுவை மூடுகிறேன் என்பதற்காக என்னைக் கிண்டல் செய்கிறாயா? அப்படியும் இருக்க முடியாது. நான் உனக்கு எழுதுவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் இருக்கிறது. பின்னே என்னதான் நடக்கிறது? இந்த வேலைக்கு நான் வந்ததே நீ சொல்லித்தானே. கோபமிருந்தால் நேராகத் திட்டு. இப்படிக் குழப்பாதே.

அண்ணியிடம் சொல், 'வாத்தியார்' என்ற பெயரை எடுத்தது நான்தான். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று உனக்காகப் பிடித்துவைத்தேன்.

வாலு


ஏப்ரல் 26

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே கொஞ்சம் அலைச்சல். நீ நலம் என்று எழுதியிருந்தாய், அது போதும்.

உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. இதை மட்டும் நம்பு. கூட்டத்தில் உனக்குத் தலைகுனிவு வந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பட்டன்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியாகிவிட்டது.

ஒரு சின்னச் சந்தேகம். பதிலைக் கீழே எழுத வேண்டும் என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது? பதில் என்று அழுத்தினால் அந்த மின்னுகிற கோடு தானாகவே மேலேதான் போய் நிற்கிறது. நானும் அங்கேயே எழுதிவிடுகிறேன். கீழே இழுத்துக்கொண்டுபோக ஏதாவது சாவி இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணி,

வணக்கம், விசாரிப்பு எல்லாம் அப்புறம். 'நானும் அங்கேயே எழுதிவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களா?

வாலு


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரமாகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. மடற்குழுவில் மட்டும் தினமும் வாத்தியார் பதில் சொல்கிறார். மூன்று நாளாகக் கீழே எழுதுகிறார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

குழுவின் பழைய மடல்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். நவம்பர் பாதி வரை அண்ணன்தான் எழுதியிருக்கிறான். அந்தக் கேலி, அந்தத் திட்டு எல்லாம் இருக்கிறது. அப்புறம் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் வருவதெல்லாம் அவன் பழைய பதில்கள், மேலே. அந்த மூன்று வாரம் அவன் பெயர் வராததை நான் கவனிக்கவே இல்லை அண்ணி. புது வேலை, புது வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று வாரம் என்ன நடந்தது? எது நடந்திருந்தாலும் சொல்லுங்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று என்னைக் கேட்கவைக்காதீர்கள்.

உங்கள்
வாலு


மே 11

என் கண்ணே வாலுவுக்கு,

இருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. இதோ பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார், இடது கையால்.

நவம்பரில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கரும்பலகைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. ஆனால் அவர் வாயில் சொல் வரவில்லை, எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் யாரையும் பார்க்க மாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சுப் பயிற்சிக்கு வரும் அம்மா, "அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க" என்று கெஞ்சுவார். இவர் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைத் தேடி அவர் கணினியைத் திறந்தேன். மடற்குழுவின் கடிதங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. சும்மா ஒன்றைச் சத்தமாகப் படித்தேன். ஒரு பள்ளிக்காரர் எழுதியிருந்தார், மணிக்கூண்டு ஒரே பாட்டு டீச்சரை ஒரே நேரத்தில் மூன்று வகுப்பில் போட்டுவிட்டது என்று. பின்னால் ஏதோ சத்தம். திரும்பினேன். உன் அண்ணன் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரிக்கிறார். பிறகு, "மூ... மூணா?" என்றார். அதுதான் முதல் வார்த்தை. நான் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய் அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் படிக்கிறேன். கேள்வியைப் படிப்பேன், அவருடைய பழைய பதில்களைத் தேடித் தேடிப் படிப்பேன். சரியானது வந்ததும் மேசையைத் தட்டுவார். அதை அனுப்பிவிடுவேன். பட்டனை எடுத்துவிட்டீர்கள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இப்போது ஒரு கேள்விக்கு நாலைந்து வார்த்தை சொல்லிவிடுகிறார். எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் பார்க்கிறார். பயிற்சி அம்மா, "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்கிறார்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது அவர்தான். உன் பெயரை எடுத்தாலே தலையை அப்படி ஆட்டினார். உன் அப்பா படுத்தபோது நீ படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாய். மறுபடி சேர உனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று! இப்போதும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். அதனால்தான் அவரைக் குளிக்கவைத்துக்கொண்டே இருந்தேன்.

இன்னும் ஒன்று. குழுவை மூடப்போவதாக நீ எழுதினாயே, அதை மட்டும் விட்டுவிட்டு மீதியைத்தான் அவருக்குப் படித்தேன். அவருக்கு இன்னும் தெரியாது. ஜூனுக்குப் பிறகு காலையில் எதைப் படித்துக் காட்டுவேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஃபோரத்தில் கேள்வி வந்ததும் பூட்டைப் போட்டுவிடுகிறீர்கள். பூட்டுப் போட்ட கேள்விக்கு இவர் எப்படிப் பதில் சொல்வார்?

உன்னைக் குழப்பியதற்கு மன்னித்துவிடு.

அண்ணி


மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி, இதை ஒரு வரிகூட விடாமல் படித்துக் காட்டுங்கள்.

அண்ணா, நேற்று முழுக்க அழுதாயிற்று. இன்று நேராகப் பேசுகிறேன்.

மடற்குழுவை ஜூன் கடைசியில் மூடுகிறோம். மறுபடி சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் ஃபோரத்தில் யார் கேள்வி கேட்டாலும் அது மடலாக உன் பெட்டிக்கு வரும்படி செய்திருக்கிறேன். நீ வீட்டிலிருந்தே அந்த மடலுக்குப் பதில் போட்டால் அது ஃபோரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ எங்கேயும் போக வேண்டாம். கேட்ட கேள்வியையே கேட்டார்கள் என்று பூட்டும் வழக்கத்தையும் எடுக்கவைத்துவிட்டேன். பாட்டு டீச்சர் கதையை மேலாளரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இனி என் கேள்விகள்.

உடம்பு எப்படி இருக்கிறது?

என்னிடம் ஏன் மறைத்தாய்?

வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?

குழுவை மூடியது நான்தான். என்மேல் கோபமா?

நான் பிடித்துவைத்த பெயரை உனக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழேயும் 'புதியவர்' என்றுதான் காட்டுகிறது. எடுக்க வழி தெரியவில்லை. பரவாயில்லையா?

போன் செய்தால் எடுப்பாயா, இல்லை குளிக்கப் போய்விடுவாயா?

உன்
வாலு


ஜூன் 20

> உடம்பு எப்படி இருக்கிறது?

பாதி.

> என்னிடம் ஏன் மறைத்தாய்?

அப்பா. உன் படிப்பு.

> வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?

விடாதே. லீவில் வா. லீவு அனுமதிக்கப்பட்டது.

> குழுவை மூடியது நான்தான். என்மேல் கோபமா?

ஆமாம்.

> ஆனால் அந்தப் பெயருக்குக் கீழேயும் 'புதியவர்' என்றுதான் காட்டுகிறது. எடுக்க வழி தெரியவில்லை. பரவாயில்லையா?

இருக்கட்டும். சரிதான்.

> போன் செய்தால் எடுப்பாயா, இல்லை குளிக்கப் போய்விடுவாயா?

எடுப்பேன். பேச்சு வர நேரமாகும். வைத்துவிடாதே.